தறிக்கு முன்னால் ஒரு கைப்பேசி

எங்கள் வீட்டுத் தறியை முகநூலில் நேரலையாகக் காட்டிய முதல் இரவு, அதைப் பார்த்தவர்கள் 11 பேர். அவர்களுள் நான்கு பேர் எங்கள் குடும்பத்தவர்கள். ஒருவர் சாச்சி, அவர் அடுத்த அறையில் இருந்துகொண்டே பார்த்தார். சில மாதங்களின் பின்னர் 400 பேர் வரை பார்த்த இரவுகளும் வந்தன. இடையில் நாங்கள் என்ன செய்தோம், எது கைகொடுத்தது, நான் எங்கே பிழைவிட்டேன் என்பதையே இங்கு எழுதுகிறேன். வணிகக் கல்விப் பாடத்தில் ‘மேம்படுத்தல்’ என்று ஓர் அலகு படிக்கிறோம். அதைப் படித்தபோது விளங்காத சில விடயங்கள் தறிக்கொட்டிலில்தான் எனக்கு விளங்கின. தையல், பன்பாய், எம்பிராய்டரி என்று ஏதாவது கைவேலை நடக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பயன்படலாம்.

ஒரு பொருளைச் செய்துகாட்டி விற்பது புதிய விடயமல்ல. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு ஊரூராகப் போன வியாபாரிகள், திண்ணையில் மூட்டையை அவிழ்த்து, ஒரு நூலை உருவி எரித்துக்காட்டி, “பருத்தி, சுத்தப் பருத்தி” என்று விற்றதை மூத்தம்மா சொல்வார். (அந்தச் சோதனை உண்மையானது. பருத்தி நூல் காகிதம் எரிவது போல மணந்து சாம்பலாகும்; பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும்.) அமெரிக்காவில் 1980களில் இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். சீனாவில் தாவ்பாவ் நிறுவனம் 2016இல் நேரலை விற்பனையைத் தொடங்கியது. அதே ஆண்டில் முகநூலின் நேரலை வசதியும் சாதாரண மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இப்போது திண்ணையின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், திண்ணை வியாபாரி உங்களைப் பார்க்கிறார். கைப்பேசிக்கு முன்னால் இருப்பவருக்கு எவரையும் தெரியாது.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன ஊர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்காத ஒழுங்கை இல்லை என்பார் மூத்தம்மா. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுத் துணி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் உள்ளூர்த் துணிக்குக் கிராக்கி இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து, மலிவான ஆலைத்துணி கப்பலில் இறங்க, தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்தவாப்பா இரண்டு தறிகளை விடாமல் வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் ஒன்றைக் கொண்டுபோனது. மிஞ்சியதில்தான் உம்மா நெய்கிறார். 2022இல் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோதும் அந்தத் தறிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதி செய்யப்படும் நூலும் சாயமும் கூடவே ஏறின. கையால் நெய்தாலும் நாங்கள் உலகச் சந்தையிலிருந்து தப்பவில்லை என்பதை அப்போது கண்டேன்.

உம்மா நீண்ட காலம் கூலிக்கே நெய்தார். முதலாளி நூல் தருவார். உம்மா நெய்து கொடுப்பார். ஒரு சேலைக்குக் கூலி 1,500 ரூபா. அதே மாதிரிச் சேலை ஒன்றைக் கொழும்பில் ஒரு கடையில் 7,200 ரூபா விலைச்சீட்டோடு ராத்தா கண்டுவிட்டு வந்து சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் கோபம். நானும் கணக்கீட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தபோது கோபம் பாதியாகிவிட்டது. நூலும் சாயமும் முதலாளியின் பணம். விற்காத சேலை அவர் தலையில். கடைக்கு வாடகை, ஆள், மின்கட்டணம். இவற்றையெல்லாம் கழித்தாலும் நெய்தவருக்குக் கிடைப்பது குறைவுதான். ஆனால் நாம் நேரடியாக விற்கப்போனால் அந்தச் செலவுகளும் ஆபத்துகளும் நம்மிடம் வந்து சேரும் என்பதையும் அந்தப் பக்கம் சொன்னது.

முதலில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். சேலையை மடித்து, படமெடுத்து, விலை போட்டோம். 5,200 ரூபா. “விலை கூட” என்று நான்கு பேர் எழுதினார்கள். ஒருவர் 2,500 ரூபா ஆலைச் சேலையின் படத்தைப் பக்கத்தில் போட்டு, “இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரது கேள்வி நியாயமானது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வித்தியாசம் துணியின் மேற்பரப்பில் தெரிவதில்லை. அது நெய்யப்பட்ட நேரத்தில் இருக்கிறது. நேரத்தைப் படமெடுக்க முடியாது. நேரலையில் காட்டலாம்.

வாப்பா சம்மதிக்க இரண்டு வாரம் எடுத்தது. பெற்றோர் இதை வாசிப்பதால் அவர் வைத்த நிபந்தனைகளை அப்படியே எழுதுகிறேன். உம்மாவின் முகமோ எங்கள் முகமோ வரக்கூடாது. கைகளும் தறியும் மட்டும். வீட்டு வாசலோ ஒழுங்கையோ தெரியக்கூடாது. வியாபாரத்துக்கு வேறு சிம். நேரலை நடக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். இரவு 9.30க்கு முடிந்துவிடவேண்டும். அப்போது இவை எனக்குக் கால்விலங்கு போலத் தெரிந்தன. முகம் காட்டாமல் யார் பார்ப்பார்கள் என்று வாதாடினேன். உண்மையில் முகம் இல்லாததால் கமெரா முழுவதும் விரல்களின் மேல் நின்றது. பார்ப்பவர்களும் விரல்களையே பார்த்தார்கள். உம்மாவின் பெருவிரல் ஓரத்தில் நூல் அறுத்த பழைய தழும்பைப் பற்றி ஒருவர் கேட்டபோது, அதை நானே அதுவரை கவனித்திருக்கவில்லை.

செயலிகளுக்கும் நிபந்தனைகள் உண்டு. டிக்டொக்கில் 18 வயதுக்குக் குறைந்தவர் நேரலை நடத்த முடியாது. ஆகவே எனக்கு அந்த வழி இல்லை. வயதைக் கூட்டிப் போடுவது என்ற யோசனையைக் காக்கா சொன்னார், வாப்பா ஒரு பார்வை பார்த்தார், அது அத்தோடு முடிந்தது. முகநூலில் கணக்குத் தொடங்கி 60 நாள் ஆகியிருக்கவேண்டும், பின்தொடர்பவர்கள் 100 பேர் இருக்கவேண்டும். உம்மாவின் பெயரில் தொடங்கி, அந்த 100 பேரைச் சேர்க்கவே உறவினர் எல்லோரிடமும் கெஞ்சினோம். நேரலையிலேயே பொருட்பட்டியலை இணைத்து விற்கும் வசதி முகநூலில் முன்பு இருந்தது. 2022 ஒக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே கொமென்டில் கேட்பவரை மெசெஞ்சருக்கோ வட்ஸ்அப்புக்கோ அழைத்துத்தான் ஓர்டர் எடுக்கவேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து நேரலைக் காணொளிகள் 30 நாட்களே பக்கத்தில் இருக்கும். தேவையானதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு நல்ல காணொளியை அப்படி இழந்தோம்.

இனித் தொழில்நுட்பம். முதல் நாள் கைப்பேசியைத் தறியின் காலில் கட்டினோம். ஒவ்வொரு அடிக்கும் படம் குலுங்கியது. பார்த்த சாச்சிக்குத் தலைசுற்றியது. இப்போது தறியைத் தொடாமல் கூரை மரத்திலிருந்து கயிற்றில் தொங்குகிறது. விளக்கு மேலே இருந்தால் துணி தட்டையான ஒரு நிறமாகத் தெரியும். பக்கவாட்டில், தாழ்வாக வைத்தால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய நிழல் விழும். பாவு எது, ஊடை எது என்று குழந்தைக்கும் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் குறைவு. காக்கா தன் கைப்பேசியை யன்னலில் வைத்து ஹொட்ஸ்பொட் கொடுப்பார். தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. கத்திப் பேசிப் பார்த்தேன், மூன்றாம் நாள் தொண்டை கட்டியது. பிறகு ஓர் ஒழுங்கு வந்தது: பத்து நிமிடம் உம்மா நெய்வார், ஒருவரும் பேசுவதில்லை; பிறகு தறியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கேள்வி பதில். அந்தப் பேச்சில்லாத பத்து நிமிடத்தைத்தான் மக்கள் விரும்பினார்கள். பிள்ளையைத் தூங்கவைக்க இந்தச் சத்தத்தைப் போடுகிறேன் என்று ஒரு தாய் எழுதினார்.

எதைக் காட்டினால் மக்கள் நிற்பார்கள் என்பதில் என் கணிப்பு முற்றிலும் பிழைத்தது. முடிந்த சேலைகளை விரித்துக் காட்டும் இரவுக்கு நான் பின்னணித் துணியெல்லாம் கட்டி ஆயத்தம் செய்தேன். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருநாள் காட்ட ஒன்றுமே இல்லை. பழைய பாவு முடிந்து, புதிய பாவை இணைக்கும் வேலைதான் இருந்தது. பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதிய பாவின் ஓர் இழையை எடுத்து, விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். இப்படிச் செய்தால் அச்சிலும் விழுதிலும் நூலை மறுபடி கோக்கும் வேலை மிச்சம். நேரலையை விடுவோமா என்று கேட்டேன். “வேலை நடக்குதுதானே, காட்டு” என்றார் உம்மா. ஒருவர் கேட்டார்: “இப்படி எத்தனை நூல்?” எனக்குத் தெரியவில்லை. உம்மா நிமிராமலே சொன்னார்: “அங்குலத்துக்கு 56. அகலம் 46 அங்குலம். பெருக்கிப் பாரு மகள்.” 2,576. அதை நான் வாசித்தபோது கொமென்ட்கள் நின்றுவிட்டன. பிறகு ஒருவர் எண்ணத் தொடங்கினார். “312”, “313” என்று எழுதிக்கொண்டே போனார். அன்று போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம்.

அந்த இரவுக்குப் பிறகு நான் ஒரு சேலையைக் கணக்காகவே பார்க்கத் தொடங்கினேன். உங்களுக்கும் அதைப் போட்டுக்காட்டுகிறேன். சேலை நீளம் 6 மீற்றர். பாவில் 2,576 இழை. பெருக்கினால் 15,456 மீற்றர். ஊடையில் அங்குலத்துக்கு 50 இழை. 6 மீற்றர் என்பது ஏறத்தாழ 236 அங்குலம். ஆகவே நாடா சுமார் 11,800 தடவை குறுக்கே ஓடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திலும் 46 அங்குல நூல். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 13,800 மீற்றர். இரண்டையும் கூட்டினால் 29 கிலோமீற்றருக்கு மேல். ஒரு சேலையைப் பிரித்து ஒற்றை நூலாக நீட்டினால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை போகும். சுருக்கமும் கழிவும் இதில் சேர்க்கவில்லை.

நூலின் இலக்கம் என்பதும் ஒரு கணக்குத்தான். 840 யார் நீளமுள்ள ஒரு கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இறாத்தலில் அப்படி 60 கண்டு இருந்தால் அது 60ஆம் இலக்க நூல். இலக்கம் கூடக் கூட நூல் மெலியும். உம்மா நெய்வது 60ஆம் இலக்கத்தில் இரண்டு இழையை முறுக்கிய இரட்டை நூல். இரட்டித்ததால் இறாத்தலுக்கு 30 கண்டுதான் வரும். நம் 29 கிலோமீற்றரையும் இதில் போட்டுப் பார்த்தால் சேலையின் நிறை ஏறத்தாழ 580 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். சற்றுக் கூடக் காட்டியது. முந்தானையில் கூடுதல் நூல் ஓடியதை நான் கணக்கில் விட்டிருந்தேன்.

நேரத்துக்கு வருவோம். உம்மா நிமிடத்துக்கு 40 தடவை அடிப்பார். 11,800ஐ 40ஆல் வகுத்தால் 295 நிமிடம், ஐந்து மணித்தியாலம். இது நூல் அறாமல், தார் முடியாமல், அடுப்பில் சோறு வேகாமல், யாரும் வாசலில் கூப்பிடாமல் இருந்தால். நடைமுறையில் ஒரு சேலைக்கு இரண்டு நாள். பாவோடுவதும் சாயமிடுவதும் வேறு. இந்தக் கணக்கை நான் நேரலையில் சொன்ன பிறகு “விலை கூட” என்ற கொமென்ட் நிற்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல நான் தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்களே சொன்னார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். ரசிகர்கள் என்றால் இவர்கள்தான். 400 பேர் பார்த்தாலும் அன்று வாங்குபவர் மூன்று பேர், சில நாள் ஒருவருமில்லை. எண்ணிக்கை மனத்தை மயக்கும். கணக்குப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் இந்தப் பதினைந்து பேரும் வாரம் இரண்டு இரவு வருவார்கள். உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் சொல்வார்கள். ஒருவர் குருநாகலிலிருந்து சிங்களத்தில் எழுதுவார், ராத்தா மொழிபெயர்ப்பார். கட்டாரில் சாரதியாக வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். அங்கே போகுமுன் இருபது வருடம் தறியில் இருந்தவராம். அதிகம் எழுதமாட்டார். உம்மா ஓர் அறுந்த நூலை எடுத்து முடிந்தால், “சரி” என்று மட்டும் எழுதுவார். உம்மாவுக்கு 400 பேரைவிட அந்த ஒரு ‘சரி’ பெரிது.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சேலை 5,200 ரூபா. நூல் 1,900, சாயம் 350, பாவோடும் கூலி 400, டேட்டாவும் பொதி உறையும் 150. மொத்தம் 2,800. மிச்சம் 2,400. கூலிக்கு நெய்ததைவிட 900 ரூபா கூட. இதை மட்டும் பார்த்தால் வெற்றிதான். ஆனால் முதல் பத்துப் பொதிகளை, பொருள் கையில் கிடைத்ததும் பணம் கொடுக்கும் முறையில் அனுப்பினோம். மூன்று திரும்பி வந்தன. ஒருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஒருவர் “சும்மா போட்டேன்” என்றார். போன கூலியும் வந்த கூலியும் எங்கள் தலையில். இப்போது பாதிப் பணம் வங்கிக்கு வந்த பிறகே பொதி கட்டுகிறோம். ஓர்டர் குறைந்தது, திரும்பல் நின்றது. இன்னொன்று: ஒரு பாவில் ஐந்து சேலை வரும், ஐந்துக்கும் பாவின் நிறம் ஒன்றே. “எனக்கு மட்டும் பச்சையில்” என்று கேட்பவருக்கு ஊடையில்தான் மாற்றம் செய்யலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி நான் எழுத விரும்பாத பகுதி.

2025 நோன்புப் பெருநாளுக்கு முன்னர் சாரன் காட்டினோம். ஒரு வாரத்தில் 38 ஓர்டர் வந்தது. எங்களிடம் இருப்பது ஒரு தறி. உம்மா நோன்போடு நாளொன்றுக்கு ஒரு சாரன், கூடினால் இரண்டு நெய்வார். பெருநாளுக்கு இருந்தது 12 நாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் கூவி அழைத்த கூட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பினால் மீண்டும் வருமா? தெரிந்த வியாபாரி ஒருவரிடம் ஆலைச் சாரன்கள் இருந்தன. கட்டம் எங்கள் கட்டத்துக்கு மிகக் கிட்ட. ஒன்று 950 ரூபாப்படி 12 வாங்கினோம். அவற்றை ஆலைச் சாரன் என்று சொல்லியே விற்பேன் என்று உம்மாவிடம் சொல்லித்தான் பணம் வாங்கினேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிரவு உம்மா தறாவீஹுக்குப் போயிருந்தார். மூத்தம்மா பக்கத்தில் இருந்தார். நான் இரண்டையும் ஒரே அடுக்கில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் கேட்டார்: “எல்லாம் உம்மா நெய்ததா?” நான் “ஓம்” என்றேன். ஒரு சொல். திட்டமிட்டுச் சொன்ன பொய்யல்ல, வாயில் வந்தது. ஆனால் அதன் பிறகு திருத்துவதற்கு அரைமணி நேரம் இருந்தது, நான் திருத்தவில்லை. ஏழு சாரன் 1,650 ரூபாவுக்குப் போனது. அப்போது கட்டார்க்காரர் எழுதினார்: “மகள், அந்த நீலச் சாரன்ர ஓரத்தக் கிட்டக் காட்டுங்க.”

ஏன் ஓரம் என்று தெரியாதவர்களுக்கு: கைத்தறியில் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய், அதே நூலோடு திரும்பி வருகிறது. ஆகவே ஓரத்தில் நூல் வளைந்து திரும்பும்; அறாது. நாடா இல்லாத நவீன ஆலைத் தறிகளில் ஊடை ஒவ்வோர் ஓட்டத்திலும் வெட்டப்படுவதால் ஓரத்தில் நுனிகள் சிறு தும்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே மடித்துச் செருகப்பட்டிருக்கும். மற்றதையெல்லாம் மறைக்கலாம், ஓரத்தை மறைக்க முடியாது. எனக்கு அது தெரியும். என் கையில் இருந்த நீலச் சாரனின் ஓரத்தில் தும்பு இருந்தது.

நான் நேரலையை நிறுத்தினேன். சிக்னல் போய்விட்டது என்று பிறகு எழுதினேன். அது இரண்டாவது பொய்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தைச் சிறு வகுப்பிலேயே படித்தோம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது என்பதும் வணிகக் கல்வியில் மனப்பாடம். இரண்டும் தெரிந்த பிள்ளைதான் “ஓம்” என்றது.

மூத்தம்மா உம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸஹருக்கு எழும்பியபோது நானே சொன்னேன். உம்மா ஏசவில்லை. தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, “எத்தனை போச்சு?” என்று மட்டும் கேட்டார். அடுத்த இரவு, அதுவரை கமெராவோடு நேராகப் பேசியே இராத உம்மா, நெய்வதற்கு முன் சொன்னார்: “நேத்துக் காட்டினதில நீலச் சாரனும் பச்சச் சாரனும் எங்கட தறியில நெய்தது இல்ல. கடையில வாங்கினது. வாங்கின ஆக்களுக்குக் காசத் திருப்பி அனுப்புறம். மத்த ஓர்டருக்கு என்னால பெருநாளைக்கு முந்தி 15 சாரன்தான் தரலாம். பொறுக்கிறவங்க பொறுங்க.” பிறகு தறியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பின் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சிலர் கடுமையாக எழுதினார்கள். ஒருவர் என் “ஓம்” உள்ள துண்டை வெட்டிப் பகிர்ந்தார். ஏழு பேரில் நால்வர் சாரனைத் திருப்பி அனுப்ப, அவர்களுக்கு முழுப் பணமும், வைத்துக்கொண்ட மூவருக்கு ஆளுக்கு 600 ரூபாவும் கொடுத்தோம். 8,400 ரூபா, கூரியர் வேறு. கணக்கீட்டில் இதற்கு ‘உட்திரும்பல்’ என்று ஒரு பெயர் இருக்கிறது; படிக்கும்போது அது ஒரு வரி மட்டும்தான். பார்ப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், மூன்று மாதம் அப்படியே கிடந்தது. கையில் மிஞ்சிய ஒன்பது ஆலைச் சாரன்களையும் “இது ஆலைச் சாரன், 1,050 ரூபா” என்று எழுதி ஒட்டிக் காட்டினோம். இரண்டு நாளில் விற்றுவிட்டன. ஆரம்பத்திலேயே அப்படிச் செய்திருக்கலாம். ஆலைத்துணி வாங்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்; அதில் குற்றமொன்றும் இல்லை.

கட்டார்க்காரர் இரண்டு வாரம் வரவில்லை. உம்மா கேட்கமாட்டார், ஆனால் கொமென்ட்களை வாசிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் வந்தார். வணக்கமில்லை, ஸலாமில்லை, ஒரே வரி: “ஓரத்தக் காட்டுங்க.” உம்மா தறியில் இருந்த துணியின் விளிம்பை விரலால் தூக்கிக் காட்டினார். அவர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நேரலையிலும் அதையே கேட்டார். அதற்கடுத்ததிலும்.

இப்போது ஒவ்வோர் இரவும் நாங்கள் தொடங்குவதே அங்கிருந்துதான். கடந்த செவ்வாய்க்கிழமை அவர் கேட்குமுன்பே உம்மா ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, “தெரியுதா காக்கா?” என்று கேட்டார். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: “விளக்கக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க.” நான் விளக்கை நகர்த்தினேன்.